மேல் இமை இறக்கம்: 2 மில்லிமீற்றரா, 3 மில்லிமீற்றரா?

உப்புவெளி வாசகர் ஒருவரின் கேள்வி, பெப்ரவரி 9

அம்மாவுக்கு 71 வயது. போன வருடம் இடது கண்ணில் கண்புரை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கண்ணின் மேல் இமை இறங்கியே இருக்கிறது. போனில் படம் எடுத்து அளந்து பார்த்தேன். கண் திறந்திருக்கும் இடைவெளி வலதில் 9 மி.மீ., இடதில் 7 மி.மீ. வித்தியாசம் 2 தான். இணையத்தில் பார்த்தால் 2 வரை மைல்ட். ஆனால் கிளினிக் கொப்பியில் 'மொடரேட் டோசிஸ்', அதாவது நடுத்தர இமை இறக்கம், என்று எழுதியிருக்கிறார்கள். சும்மா பயம் காட்டுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெப்ரவரி 9, இரவு

9ம் 7ம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது மேல் இமையின் அளவு இல்லை. இடைவெளியை அளந்தால் கீழ் இமையும் கணக்கில் சேர்ந்துவிடும். 71 வயதில் கீழ் இமையும் கொஞ்சம் தளர்ந்து இறங்கும், இடைவெளி கூடும், மேல் இமை நன்றாக இருப்பது போலத் தோன்றும். நாளைக்கு விளக்கமாக எழுதுகிறேன். அதற்குள் ஒன்று சொல்லுங்கள் தம்பி: படத்தில் அம்மாவின் நெற்றியில் வரி விழுந்திருக்கிறதா?

பெப்ரவரி 10

நான் டொக்டர் இல்லை. கண் கிளினிக் ஒன்றில் பல வருடம் அளவு எடுக்கிற வேலை பார்த்தேன், இப்போது திருகோணமலை டவுனில் கண்ணாடிக் கடை. ஆகவே அளக்கிறதைப் பற்றி எழுதுகிறேன். வெட்டுகிறதைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

முதலில் உட்காரும் உயரம். இரண்டு பேருடைய கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு அளந்தால் அவர் மேலே பார்ப்பார், இமை ஏறிவிடும். பேனா டோர்ச்சை உங்கள் மூக்குக்கு நேரே பிடித்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்மணியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கும். அந்தப் புள்ளியிலிருந்து மேல் இமையின் விளிம்பு வரை எத்தனை மி.மீ. என்பதற்குப் பெயர் எம்.ஆர்.டி. 1. விளிம்பு என்றால் இமைமயிர் முளைத்திருக்கும் ஓரம். வயதானவர்களுக்கு மேலிருந்து தோல் மடிந்து அந்த ஓரத்தையும் தாண்டித் தொங்கும். அந்தத் தோலை மெல்லத் தூக்கி, அதற்குள்ளே இருக்கிற உண்மையான ஓரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். தோல் மட்டும் தொங்கி, ஓரம் சரியான இடத்தில் இருந்தால் அது டோசிஸே இல்லை, அதற்கு வைத்தியமும் வேறு.

அதே புள்ளியிலிருந்து கீழ் இமை ஓரம் வரை எம்.ஆர்.டி. 2. இரண்டையும் கூட்டினால் நீங்கள் அளந்த இடைவெளி வரும்.

சாதாரணமாக எம்.ஆர்.டி. 1 ஏறக்குறைய 4 முதல் 5 மி.மீ. இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. கருவிழி மேல் கீழாகச் சுமார் 11 மி.மீ., நடுவிலிருந்து மேல் ஓரத்துக்கு ஐந்தரை. நல்ல கண்ணிலும் மேல் இமை கருவிழியை ஒன்று, ஒன்றரை மி.மீ. மறைத்துத்தான் இருக்கும். மிச்சம் 4 சொச்சம். கண்ணே பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணை மூடினாலும் வரும்.

இமை இறங்கி வெள்ளைப் புள்ளியையே மறைத்திருந்தால், புள்ளி தெரியும் வரைக்கும் இமையை விரலால் தூக்கி, எத்தனை தூக்கினோமோ அதைக் கழித்தல் குறியோடு எழுதுவோம். கழித்தல் 1, கழித்தல் 2 என்று வரும்.

பெப்ரவரி 10, மாலை

நெற்றியில் 'நல்ல வரி' இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. அதுதான் சங்கதி. இமை இறங்கினவர் புருவத்தால் இமையைத் தூக்கிப் பழகியிருப்பார், அவருக்கே தெரியாது. படம் எடுக்கிறேன் என்றால் இன்னும் தூக்குவார். கண்ணை மூடச் சொல்லி, நெற்றி தளர்ந்த பிறகு, புருவத்தின் மேல் கட்டைவிரலை லேசாக வைத்துக்கொண்டு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். அப்போது அளந்ததுதான் அளவு.

போன் படத்தில் அளக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. திரையில் அடிமட்டம் வைத்தீர்களா தம்பி? பெரிதாக்கினால் 30 மி.மீ. கூட வரும்! படத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. பெரியவர்களுக்குக் கருவிழியின் அகலம், இடமிருந்து வலமாக, 11.7 மி.மீ. அளவில் இருக்கும். ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது. திரையில் கருவிழி 47 மி.மீ. அகலம் என்றால் படம் நான்கு மடங்கு, எல்லா அளவையும் 4 ஆல் பிரியுங்கள். தலை சாய்ந்திருக்கக் கூடாது, கமெரா கண் உயரத்தில் இருக்க வேண்டும், பிளாஷ் போட வேண்டும். பிளாஷ்தான் வெள்ளைப் புள்ளியைத் தரும்.

பெப்ரவரி 12

தம்பி புதுப் படம் எடுத்து, புருவத்தைப் பிடித்து, கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். கெட்டிக்காரர்.

வலது: எம்.ஆர்.டி. 1 = 3, எம்.ஆர்.டி. 2 = ஐந்தரை.
இடது: எம்.ஆர்.டி. 1 = 1, எம்.ஆர்.டி. 2 = ஐந்தரை.

இடைவெளி எட்டரை, ஆறரை. முதலில் வந்த 9ம் 7ம் புருவம் கொடுத்த அரை அரை மி.மீ.யோடு வந்தவை. வித்தியாசம் அப்போதும் 2, இப்போதும் 2. பிறகு ஏன் மொடரேட்?

தரம் பிரிக்கிற வழக்கம் இது: 2 மி.மீ. வரை இறக்கம் மைல்ட், 3 மொடரேட், 4ம் அதற்கு மேலும் சிவியர். ஆனால் 'எதிலிருந்து' இறக்கம்? ஒரு கண் நல்ல கண் என்றால் அதிலிருந்து. இரண்டிலும் இறக்கம் என்றால் சாதாரண அளவான 4லிருந்து. அம்மாவின் வலது கண் 3. அது நல்ல கண் இல்லை, தம்பி அதை நல்ல கண் என்று நம்பிவிட்டார். 4லிருந்து பார்த்தால் வலது 1 இறக்கம், இடது 3 இறக்கம். மொடரேட். டொக்டர் எழுதியதும் சரி, தம்பி கழித்ததும் சரி, இரண்டு பேரும் வேறு வேறு இடத்திலிருந்து கழித்திருக்கிறார்கள்.

இன்னொரு வேலை செய்து பாருங்கள். அம்மாவின் இடது இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது இமை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பெப்ரவரி 12, இரவு

கோட்டை வாசலில் படுத்திருக்கிற மான் ஒன்றின் படத்தைப் போட்டு 'இது என்ன கிரேட்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் அந்த கிரேட்தான். மானை எழுப்பி டோர்ச்சைப் பார்க்கச் சொல்லுங்கள், அளந்து தருகிறேன்.

பெப்ரவரி 13

எதிர்பார்த்ததுதான். இடதைத் தூக்கினால் வலது இறங்கி 2க்கு வருகிறதாம்.

மூளை இரண்டு மேல் இமைக்கும் ஒரே அளவு கட்டளைதான் அனுப்பும். ஹெரிங் என்ற ஜெர்மன் உடலியலாளர் 19ஆம் நூற்றாண்டில் கண் அசைவுக்குச் சொன்ன விதி, இமைக்கும் பொருந்துகிறது. இடது இறங்கியிருப்பதால் மூளை கூடுதலாக இழுக்கிறது, அந்த இழுவை வலதுக்கும் போய் அதைத் தாங்கி வைத்திருக்கிறது. இடதைத் தூக்கிவிட்டால் கூடுதல் இழுவை நிற்கும், வலதின் உண்மை நிலை வெளியே வரும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். மாமா ஒருவருக்கு வெளியூரில் ஒரு கண்ணுக்கு மட்டும் இமை ஒபரேஷன் செய்தார்கள். வடிவாகத் தூக்கி விட்டார்கள். ஒரு மாதத்தில் மற்றக் கண் இறங்கியது. 'நல்ல கண்ணைக் கெடுத்துப்போட்டான்கள்' என்று மாமா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கண் அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் ஒருவரும் விரலால் தூக்கிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் மாமாவிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 15

'அப்போ மொடரேட் என்றால் பெரிய ஒபரேஷனா?' என்று கேட்கிறார். இல்லை. எந்த ஒபரேஷன் என்பதைத் தீர்மானிப்பது இறக்கத்தின் அளவு மட்டும் இல்லை. முக்கியமாக இமையைத் தூக்கும் லீவேட்டர் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதுதான். கிளினிக்கில் புதிதாக வருகிறவர்கள் முதல் எண்ணை எழுதிவிட்டு இதை விட்டுவிடுவார்கள். எனக்கு இந்த எண் இல்லாத கொப்பி பாதிக் கொப்பி.

இதற்குப் புருவத்தைக் கட்டைவிரலால் எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும், லேசாக வைத்தால் போதாது. கீழே, காலைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிமட்டத்தின் பூச்சியத்தை இமை ஓரத்தில் வையுங்கள். தலையை அசைக்காமல் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இமை ஓரம் எந்தக் கோட்டுக்கு வருகிறதோ அதுதான் அளவு. நல்ல கண்ணில் 15 மி.மீ. அளவில் ஓடும். 8ம் அதற்கு மேலும் நல்லது, 5 முதல் 7 வரை நடுத்தரம், 4ம் அதற்குக் குறைவும் மோசம் என்று பேர்க் என்ற கண் டொக்டர் வகுத்த பிரிப்பைத்தான் இன்னும் சொல்லுகிறார்கள்.

அம்மாவுக்கு 14 என்கிறார். தசை நன்றாக இருக்கிறது. தசையை இமையோடு பிடித்து வைத்திருக்கிற மெல்லிய நாண் தளர்ந்திருக்கிறது, யன்னல் திரையின் கயிறு கழன்ற மாதிரி. வயதில் வரும், கண்ணைக் கசக்கிக் கசக்கி வரும், பல வருடம் கொன்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கு வரும், கண்புரை எடுத்த பிறகும் வரும். அடையாளம்: இமை மடிப்பு வழக்கத்தை விட மேலே போயிருக்கும். மடிப்பு பெண்களுக்கு ஓரத்திலிருந்து 8 முதல் 10 மி.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். இதற்கு அந்த நாணை இழுத்துத் தைப்பார்கள். பெரியவர்களுக்கு மரக்கச் செய்து, இடையில் எழுப்பி உட்கார வைத்து, இரண்டு இமையும் ஒத்து வருகிறதா என்று பார்த்துத் தைக்கிற டொக்டர்களும் உண்டு.

தசை 4ம் அதற்குக் கீழுமாக இருந்தால் இழுத்துத் தைத்துப் பலன் குறைவு. அப்போது இமையை நெற்றித் தசையோடு இணைத்துவிடுவார்கள். தொடையிலிருந்து எடுத்த நார் அல்லது சிலிக்கன் கயிறு. பிறகு அவர் புருவத்தால்தான் கண்ணைத் திறப்பார்.

பெப்ரவரி 16

மேலே 15 என்றது இமை ஓடுகிற தூரம். கண் திறந்திருக்கிற அளவு இல்லை. இரண்டு பேர் குழம்பியிருக்கிறீர்கள்.

பெப்ரவரி 18

'அளவு எடுத்தால் போதும், தரம் தெரிந்துவிடும்' என்று யாரோ எழுதியதைப் பார்த்து மூதூர்ப் பிள்ளை ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். இருபதுகளில் வயது. பின்னேரமானால் இமை விழுகிறது, பஸ்ஸில் வரும்போது ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்பார். கிளினிக் காலையில். காலையில் அளந்தால் இரண்டு கண்ணிலும் 4. கொப்பியில் ஒவ்வொரு முறையும் 'சாதாரணம்'. வீட்டில் நடிப்பு என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

ஒருநாள் டொக்டர் அவரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். தலையை அசைக்காமல், இமைக்காமல், ஒரு நிமிடம். அரை நிமிடத்திலேயே இடது இமை வழுகத் தொடங்கியது. 4, 3, பிறகு 1. நான் அடிமட்டத்தோடு பக்கத்தில் நின்றேன். பிறகு கையுறை விரலுக்குள் ஐஸ் துண்டைப் போட்டு, பஞ்சுத் துணியில் சுற்றி, மூடிய இமையில் 2 நிமிடம் வைத்தோம். எடுத்தவுடன் அளந்தால் 4. ஐஸ் வைத்து 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஏறினால் மயஸ்தீனியா கிரேவிஸ் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போய்ச் சேரும் இடத்தில், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடை போடுகிற நோய். குளிரில் அந்த இடம் கொஞ்சம் நன்றாக வேலை செய்யும். இரத்தப் பரிசோதனைக்கும் நெஞ்சு ஸ்கானுக்கும் அனுப்பினார்கள், குளிசை தொடங்கினார்கள். கத்தி வைக்கவே இல்லை.

ஆகவே அளவோடு நேரத்தையும் எழுதுங்கள். காலை 4, மாலை 1 என்பது ஒரு நோயின் பெயரையே சொல்லிவிடும்.

பெப்ரவரி 19

கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் குளித்தால் இமை ஏறும் என்று எழுதியவருக்கு: போய்க் குளியுங்கள், நல்ல இடம். ஆனால் மேலே சொன்ன நோய் உள்ளவருக்குச் சூடு எதிரி. குளிரில் ஏறின இமை சூட்டில் இன்னும் இறங்கும். அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

பெப்ரவரி 22

அடிமட்டம் எடுக்கவே கூடாத இறக்கம் ஒன்று இருக்கிறது. இதை முதல் நாளே எழுதியிருந்தால் நல்லது என்று இப்போது படுகிறது.

ஓட்டோ ஓடுகிற ஒருவர் கடைக்கு வந்தார், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று. காலையில் எழும்பினதிலிருந்து தலையிடி, ஒரு கண் முழுதாக மூடிப்போயிருந்தது. விரலால் இமையைத் தூக்கினேன். கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் திரும்பியிருந்தது, கண்மணி மற்றதை விடப் பெரிது, டோர்ச் அடித்தால் சுருங்கவில்லை. மூளையிலிருந்து கண்ணுக்கு வருகிற மூன்றாம் நரம்பு பாதித்த அடையாளம். மூளை இரத்தக் குழாய் ஒன்று வீங்கி அந்த நரம்பை அழுத்தினால் இப்படி வரும், வீக்கம் வெடித்தால் உயிர் போகும். கண்ணாடியாவது கிண்ணாடியாவது, 1990க்கு அடித்து அம்புலன்ஸில் ஏற்றினோம்.

இன்னொன்று நேர்மாறானது. இறக்கம் 1, 2 மி.மீ. தான், பார்த்தால் மைல்ட். ஆனால் அந்தப் பக்கத்துக் கண்மணி சிறிது, இதை ஹோர்னர் என்பார்கள். கழுத்து நோவோடு திடீரென்று வந்தால் கழுத்து இரத்தக் குழாயில் கிழிசல் இருக்கலாம். ஹோர்னர் என்பார்கள். மைல்ட் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினால் கதை முடிந்தது.

எனக்கு மைல்ட், மொடரேட் என்ற சொற்களில் இருக்கிற மனக்குறையே இதுதான். ஒபரேஷன் தியேட்டருக்குப் பொருத்தமான சொற்கள். ஆபத்து எவ்வளவு என்று அவை சொல்லமாட்டா. அம்மாவின் 3 மி.மீ. ஒரு வருடமாக அப்படியே இருக்கிறது, அவசரம் இல்லை. நேற்று வந்த 1 மி.மீ. சின்னக் கண்மணியோடு இருந்தால் இன்றைக்கே போக வேண்டும்.

பெப்ரவரி 23

தம்பலகாமத்திலிருந்து ஒருவர் 'பாம்பை விட்டுவிட்டீர்களே' என்கிறார். சரிதான், எங்கள் பக்கத்தில் விடவே கூடாது.

கட்டுவிரியன், சிங்களத்தில் தெல் கரவலா, இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரைக் கடிக்கும். கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, நோகாது, பல் பட்ட அடையாளம்கூடச் சில நேரம் தெரியாது. விடியற்காலை வயிற்று நோவு என்று எழும்புவார். பிறகு கண்ணைத் திறக்க முடியவில்லை என்பார். நித்திரைக் கலக்கம் என்று வீட்டில் நினைப்பார்கள். அது நித்திரை இல்லை. நஞ்சு நரம்பில் ஏறுவதன் முதல் அடையாளங்களில் ஒன்று இரண்டு மேல் இமையும் இறங்குவது. பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு. இலங்கையில் வயலில் பகலில் கடிக்கிற கண்ணாடி விரியனாலும் இமை இறங்கும்.

வார்டில் தாதிமார் அடிமட்டம் எடுப்பதில்லை. 'மேலே பாருங்கோ' என்பார்கள், இமை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மறுபடியும். முன்பை விடக் குறைந்தால் டொக்டரைக் கூப்பிடுவார்கள். எண் எழுதாமலே நடக்கிற தரம் பிரிப்பு.

மார்ச் 2

கிண்ணியாவிலிருந்து ஒரு வாப்பா: மகளுக்கு இரண்டரை வயது, பிறந்ததிலிருந்து வலது இமை இறக்கம், நாடியை உயர்த்தித்தான் டீவி பார்க்கிறார், 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று உம்மா சொல்கிறார்.

பிறப்பில் வந்தது பெரும்பாலும் வளர்ந்து சரியாகாது. தசையே நாராகிப் போயிருக்கும். கீழே பார்க்கும்போது பாருங்கள், இறங்கின கண்ணின் இமைதான் மற்றதை விட மேலே நிற்கும், ஏனென்றால் அந்தத் தசை நீளவும் மாட்டாது. உப்புவெளி அம்மாவுக்கு நேர்மாறு, அவருக்குக் கீழே பார்த்தால் இமை இன்னும் இறங்கும்.

நாடியை உயர்த்துகிற பிள்ளை அந்தக் கண்ணைப் பாவிக்கிறது, அது நல்ல செய்தி. உயர்த்துவதை விட்டுவிட்டால்தான் யோசிக்க வேண்டும், அந்தக் கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கியிருக்கலாம். இமை கண்மணியை மறைத்தால் சீக்கிரம் செய்வார்கள். மறைக்காவிட்டால் 3, 4 வயது வரை பொறுத்து, ஒழுங்காக அளக்க முடிந்த பிறகு செய்வது வழக்கம். ஆனால் பொறுக்கிற காலத்திலும் கண் பவர் பார்க்க வேண்டும், இறங்கின இமை கருவிழியை அழுத்தி, அதன் வளைவைக் கோணலாக்கி, சிலிண்டர் பவர் வரும். கண்ணாடி போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த பிள்ளைகள் உண்டு.

சாப்பிடும்போது, சூப்பும்போது அந்த இமை துள்ளுகிறதா என்றும் பாருங்கள். தாடை நரம்பின் கிளை ஒன்று தவறி இமைக்குப் போயிருந்தால் அப்படித் துள்ளும். மார்க்கஸ் கன் 1883இல் எழுதியது. அப்படி இருந்தால் ஒபரேஷன் திட்டமே மாறும், டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மார்ச் 3

சொட்டு மருந்து பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒக்ஸிமெற்றசோலின் 0.1 வீதச் சொட்டு, அப்நீக் என்ற பெயரில் 2020இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதித்தார்கள். இமையில் இன்னொரு சின்னத் தசை, முல்லர் தசை, இருக்கிறது. 2 மி.மீ. அளவு தூக்கும். சொட்டு அதைத்தான் இறுக்கும், சொட்டை நிறுத்தினால் பழையபடி இறங்கும். மூக்கடைப்புக்கு விற்கிற ஒக்ஸிமெற்றசோலினைக் கண்ணில் விட்டுப் பார்க்காதீர்கள்.

மார்ச் 9

உப்புவெளித் தம்பியின் கடைசிச் செய்தி. அம்மா ஒபரேஷன் வேண்டாம் என்கிறாராம், 'டீவி தெரியுது, போதும்.' ஆனால் அரிசி புடைக்கும்போதும் பத்திரிகை வாசிக்கும்போதும் ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடிக்கிறாராம். அது நாண் தளர்ந்த இறக்கத்தின் வழக்கம்தான். நேரே பார்த்தால் 1 மி.மீ. மிச்சம் இருக்கிறது, குனிந்து பார்த்தால் அதுவும் போய்விடும். அடுத்த கிளினிக்கில் வாசிக்கிற நிலையிலும் அளந்து எழுதச் சொல்லுங்கள். நேரே பார்த்து எடுத்த 1ஐ மட்டும் வைத்துக்கொண்டு வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டாம்.

போகும்போது அம்மாவின் பழைய அடையாள அட்டையையும் கல்யாணப் படத்தையும் கொண்டுபோங்கள். இறக்கம் கண்புரை எடுத்த பிறகுதான் வந்ததா, முன்பே கொஞ்சம் இருந்ததா என்று அதில் தெரியும். அஸ்பிரின் போன்ற இரத்தம் இளக்கும் குளிசை எடுக்கிறாரா என்று டொக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். கண்ணீர் போதுமா என்று வடிதாள் வைத்து 5 நிமிடம் பார்ப்பார்கள், கண்ணை இறுக மூடச் சொல்லி விழி மேலே உருள்கிறதா என்றும் பார்ப்பார்கள். இமையைத் தூக்கிய பிறகு நித்திரையில் கண் கொஞ்சம் திறந்திருக்கும், விழி உருண்டால்தான் கருவிழி காயாமல் தப்பும்.

அடிமட்டம் கேட்டவருக்கு: பள்ளிக்கூட அடிமட்டம் வேண்டாம், அதில் பூச்சியத்துக்கு முன்னால் ஒரு வெற்று ஓரம் இருக்கும். கண்ணாடிக் கடையில் இரண்டு கண்மணிக்கும் இடைத்தூரம் அளக்கப் பாவிக்கிற மெல்லிய பி.டி. அடிமட்டம் ஒன்று வாங்குங்கள்.